ஒருவரைக் கொடுத்து நால்வரை வாங்கலாமா?

இங்கிலிஷ் பிரிமியர் லீக் காற்பந்தைப் பின்தொடரும் இளையர்களுக்கு ஜனவரியும் ஆகஸ்ட்டும் பரபரப்பான மாதங்கள். எந்த ஆட்டக்காரர் எந்தக் குழுவுக்குப் போகிறார், எத்தனை மில்லியனுக்குப் போகிறார் என்ற பேச்சு வகுப்பறை, உணவங்காடி, வாட்ஸ்அப் குழு என எங்கும் ஓடும்.

அமெரிக்கப் பேஸ்பால் ரசிகர்களுக்கும் அப்படி ஒரு பருவம் உண்டு. நவம்பர் தொடக்கத்தில் உலகத் தொடர் இறுதியாட்டங்கள் முடிந்துவிடும். பிப்ரவரி நடுப்பகுதியில்தான் அடுத்த ஆண்டுக்கான பயிற்சி தொடங்கும். இடையில் உள்ள மூன்று மாதத்துக்கும் மேலான குளிர்காலத்தில் ஓர் ஆட்டம்கூட இல்லை. ஆனால் பேச்சு மட்டும் நிற்காது. அந்தக் காலத்தில் ஊர்க்கடையில் எரியும் கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேஸ்பால் கதை பேசியதை நினைவூட்டும் வகையில், இந்தப் பருவத்துக்கு 'ஹாட் ஸ்டவ்', அதாவது 'சூடான அடுப்பு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

காற்பந்துக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. காற்பந்தில் பெரும்பாலும் பணம் கொடுத்து ஆட்டக்காரரை வாங்குவார்கள். பேஸ்பாலில் வீரருக்கு வீரர் என்பதே பரிமாற்ற முறை. ஒரு நட்சத்திர வீரர் வேண்டுமென்றால், உங்கள் குழு பொத்திப் பொத்தி வளர்த்த மூன்று அல்லது நான்கு இளம் வீரர்களைக் கொடுக்க வேண்டும். அதனால் ரசிகர்களின் வாதம், "எவ்வளவு கொடுக்கலாம்?" என்பதோடு முடிவதில்லை. "யாரைக் கொடுக்கலாம்?" என்று கேட்கும்போதுதான் சண்டை சூடுபிடிக்கிறது.

அந்தக் கேள்வி எவ்வளவு கடினமானது என்பதைப் புரிந்துகொள்ள, 2007ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய ஒரு குளிர்காலத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு பந்து வீச்சாளருக்காக மூன்று குழுக்களின் ரசிகர்கள் இரண்டு மாதத்துக்கும் மேலாக மோதிக்கொண்ட குளிர்காலம் அது.

ஐந்தில் ஒருவர்

முதலில் கொஞ்சம் அடிப்படை. நம் பள்ளிகளில் விளையாடப்படும் சாஃப்ட்பால் உங்களுக்குத் தெரிந்திருந்தால் பேஸ்பாலும் பாதி தெரிந்த மாதிரிதான். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு முறையும் ஆட்டம் பந்து வீச்சாளரின் கையிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் பந்திலிருந்து வீசத் தொடங்கி, ஐந்து அல்லது ஆறு இன்னிங்ஸ், சில நாள் ஒன்பது இன்னிங்ஸும் தாக்குப்பிடிப்பவர் தொடக்கப் பந்து வீச்சாளர்.

இவர் தினமும் வீச முடியாது. தலைக்கு மேல் கையைச் சுழற்றி முழு வேகத்தில் நூறு பந்து வீசினால் முழங்கையும் தோளும் பல நாள் ஓய்வு கேட்கும். எனவே ஒவ்வொரு குழுவும் ஐந்து தொடக்க வீச்சாளர்களை முறைவைத்து இறக்குகிறது. ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். கணக்குப் போட்டால் ஒருவருக்கு ஏறக்குறைய 32 ஆட்டங்கள். நாட்டிலேயே சிறந்த வீச்சாளர் உங்களிடம் இருந்தால், ஐந்து நாளுக்கு ஒருமுறை வெற்றி வாய்ப்பு உங்கள் பக்கம் சாய்ந்தே இருக்கும். இறுதிச் சுற்றுகளில் ஆட்டங்களுக்கு இடையே ஓய்வு நாள்கள் வருவதால், மூன்று நான்கு பேரைக் கொண்டே சமாளிக்கலாம். அப்போது அந்த ஒருவரின் மதிப்பு இன்னும் கூடும்.

ஆனால் இவ்வளவு விலையுயர்ந்த அந்தக் கை எளிதில் பழுதாகும். 1974ஆம் ஆண்டு டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற வீச்சாளரின் முழங்கையில் கிழிந்த தசைநாருக்குப் பதிலாக அவரது உடலின் வேறு பகுதியிலிருந்து எடுத்த தசைநாணைப் பொருத்தினார். இன்று அந்த அறுவை சிகிச்சைக்கு டாமி ஜானின் பெயரே நிலைத்துவிட்டது. அதைச் செய்துகொண்ட வீச்சாளர்களைப் பட்டியலிட்டால் முடிவே இருக்காது.

அடுத்தது ஒப்பந்த விதி. மேஜர் லீக் எனப்படும் முதன்மைப் போட்டியில் ஆடத் தொடங்கும் வீரர், பொதுவாக ஆறு ஆண்டு சேவைக் காலம் முடியும்வரை அதே குழுவின் கட்டுப்பாட்டில் இருப்பார். முதல் மூன்று ஆண்டுகளில் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகை. அடுத்த மூன்று ஆண்டுகளில், உடன்பாடு எட்டப்படாவிட்டால் நடுவர் மன்றம் சம்பளத்தைத் தீர்மானிக்கும். அதன்பின் அவர் 'ஃப்ரீ ஏஜெண்ட்'. எந்தக் குழுவோடும் ஒப்பந்தம் செய்யலாம்.

பணம் குறைந்த குழுவிடம் ஒரு நட்சத்திரம் இருந்தால், கடைசி ஆண்டு நெருங்கும்போது அதற்கு மூன்று வழிகள். பெரும் தொகை கொடுத்து அவரைத் தக்கவைக்கலாம். கடைசி ஆண்டுவரை ஆடவைத்துவிட்டு வழியனுப்பலாம். அல்லது ஓராண்டு முன்பே வேறு குழுவுக்குக் கொடுத்து, பதிலுக்கு இளம் வீரர்களை வாங்கிக்கொள்ளலாம். 2007 இறுதியில் மின்னசோட்டா ட்வின்ஸ் குழு நின்றது இந்த முச்சந்தியில்தான்.

யாரும் மதிக்காத இளைஞர்

ட்வின்ஸ் குழுவின் அந்த நட்சத்திரம் யோஹான் சந்தானா. வெனிசுவேலாவின் தோவார் என்ற மலையூரில் பிறந்த இடக்கை வீச்சாளர். 1999 டிசம்பரில், மற்றக் குழுக்கள் தங்கள் முதன்மைப் பட்டியலில் பாதுகாக்காமல் விட்ட வீரர்களை எடுத்துக்கொள்ளும் தேர்வு நடந்தது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பாதுகாக்காமல் விட்டவர்களில் சந்தானாவும் ஒருவர்.

முதல் வாய்ப்பு ட்வின்ஸுக்கு, இரண்டாவது ஃபுளோரிடா மார்லின்ஸுக்கு. மார்லின்ஸ் விரும்பியது ஜாரெட் கேம்ப் என்ற வேறொரு வீச்சாளரை. இரு குழுக்களும் பேசிவைத்துக்கொண்டன. ட்வின்ஸ் கேம்ப்பை எடுத்தது, மார்லின்ஸ் சந்தானாவை எடுத்தது, பிறகு இருவரையும் மாற்றிக்கொண்டார்கள். அதற்காக மார்லின்ஸ் 50,000 டாலரையும் ட்வின்ஸுக்குக் கொடுத்தது. கேம்ப் மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. சந்தானா 2004லும் 2006லும் ஆண்டின் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதை ஒருமனதாக வென்றார். 2006இல் வெற்றிகளின் எண்ணிக்கை, விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி, ஸ்ட்ரைக் அவுட் ஆகிய மூன்றிலும் முதலிடம்.

2007இல் அவருக்கு 28 வயது. ஒப்பந்தத்தில் ஓராண்டு மட்டுமே மிச்சம். அந்த இலையுதிர் காலத்தில் ட்வின்ஸின் நீண்டநாள் பொது மேலாளர் டெர்ரி ரயன் பதவி விலகி, பில் ஸ்மித் பொறுப்பேற்றார். ரசிகர்களின் செல்லப்பிள்ளை டோரி ஹண்டர், 90 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் போய்விட்டார். சந்தானாவுடன் நடந்த நீட்டிப்புப் பேச்சும் கைகூடவில்லை. விற்பதா, வைத்திருப்பதா என்ற வாதம் மின்னசோட்டாவில் வெடித்தது.

மூன்று குழு, மூன்று வாதம்

ட்வின்ஸ் ரசிகர்களில் ஒரு தரப்பு, சந்தானாவை வைத்து 2008இல் முழு பலத்தோடு மோதிப் பார்க்க வேண்டும் என்றது. அவர் பிறகு போனாலும் அன்றைய விதிப்படி இழப்பீடாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் கூடுதல் வாய்ப்புகள் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. மறு தரப்போ, பள்ளி, கல்லூரியிலிருந்து புதிதாக எடுக்கும் பிள்ளைகள் மேஜர் லீக்கை எட்டப் பல ஆண்டுகள் ஆகும், இப்போதே தயாராக இருக்கும் வீரர்களை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்றது.

நியூயார்க் யாங்கீஸ் ரசிகர்களுக்கு வேறு குழப்பம். அவர்களிடம் ஃபில் ஹியூஸ் என்ற 21 வயது வீச்சாளர் இருந்தார். அவரையும் மெல்கி கப்ரேராவையும் மையமாக வைத்துப் பேச்சு நடப்பதாகச் செய்திகள் வந்தன. எப்போதும் பணத்தைக் கொட்டி நட்சத்திரங்களை வாங்கும் குழு என்று பெயரெடுத்த யாங்கீஸில், இந்த முறை சொந்தப் பிள்ளைகளை வளர்ப்போமே என்ற குரலும் பலமாக ஒலித்தது. பொது மேலாளர் பிரையன் கேஷ்மனும் அந்தப் பக்கமே சாய்ந்தார். ஓராண்டு பொறுத்தால், வேறொரு பெரிய வீச்சாளரை யாரையும் இழக்காமல் பணத்துக்கே வாங்கலாம் என்பது அந்தத் தரப்பின் கணக்கு.

மிகவும் உருக்கமான வாதம் பாஸ்டனில்தான். ரெட் சாக்ஸ் அப்போதுதான் உலகத் தொடரை வென்றிருந்தது. அவர்கள் கொடுக்கக்கூடியவர்களாகப் பேசப்பட்ட இரண்டு பெயர்கள் ஜான் லெஸ்டர், ஜகோபி எல்ஸ்பரி. லெஸ்டருக்கு 2006இல் நிணநீர்ப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. சிகிச்சை முடிந்து 2007 ஜூலையில் திரும்பினார். அதே ஆண்டு அக்டோபரில், கிண்ணத்தை உறுதிசெய்த நான்காம் ஆட்டத்தில் தொடக்க வீச்சாளராக இறங்கி வென்றார். அப்போது அவருக்கு வயது 23. இப்படிப்பட்ட பிள்ளையை அனுப்பவா என்று ஒரு பக்கம். உணர்ச்சியை ஓரம் வையுங்கள், சந்தானா உலகின் சிறந்த வீச்சாளர் என்று மறுபக்கம்.

டிசம்பர் கடந்தது. பொங்கல் முடிந்து ஜனவரியும் கடைசி வாரத்தை எட்டியது. யாங்கீஸ், ரெட் சாக்ஸ் இரண்டுமே பின்வாங்கின. களத்தில் எஞ்சியது நியூயார்க்கின் இன்னொரு குழுவான மெட்ஸ். 2007 செப்டம்பரில் 17 ஆட்டங்கள் எஞ்சியிருந்தபோது ஏழு ஆட்டம் முன்னணியில் இருந்தும் பிரிவுப் பட்டத்தைக் கோட்டைவிட்ட குழு அது. அதன் ரசிகர்களுக்கு ஒரு நல்ல செய்தி தேவைப்பட்டது.

மெட்ஸ் நால்வரைக் கொடுக்க முன்வந்தது: 22 வயது கார்லோஸ் கோமெஸ், 25 வயது ஃபிலிப் ஹம்பர், 22 வயது கெவின் மல்வி, 18 வயது டியோலிஸ் கெர்ரா. சந்தானாவுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 137.5 மில்லியன் டாலர். அன்றைக்கு எந்தப் பந்து வீச்சாளருக்கும் கிடைக்காத தொகை. பிப்ரவரி தொடக்கத்தில் ஒப்பந்தம் உறுதியானது. மெட்ஸ் ரசிகர்கள் கொண்டாடினார்கள். டிசம்பரிலேயே முடித்திருந்தால் இன்னும் நல்ல வீரர்கள் கிடைத்திருப்பார்களே என்று ட்வின்ஸ் ரசிகர்கள் பலர் பொருமினார்கள்.

யார் வென்றார்கள்?

பரிமாற்றம் முடிந்ததும் மதிப்பெண் போடுவது வழக்கம். ஆனால் எப்போது போடுவது என்பதில்தான் சிக்கல்.

2008 செப்டம்பர் இறுதியில் போடுவோம். சந்தானா மெட்ஸுக்காக 16 ஆட்டங்களில் வென்றார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 2.53. தேசிய லீக்கிலேயே அதுதான் சிறந்தது. செப்டம்பர் 27ஆம் தேதி, வழக்கமான ஓய்வுகூட இல்லாமல், முழங்காலில் கிழிந்த குருத்தெலும்போடு இறங்கி, ஒன்பது இன்னிங்ஸும் வீசி 2-0 என வென்று குழுவின் நம்பிக்கையைக் காப்பாற்றினார். மறுநாள் அவர் வீச முடியாது. மெட்ஸ் தோற்றது. ஒரே ஒரு வெற்றி குறைவாக இருந்ததால் இறுதிச் சுற்று வாய்ப்பு போனது.

அதே வாரம் ட்வின்ஸுக்கு என்ன நடந்தது தெரியுமா? 162 ஆட்டங்கள் முடிந்தபின் ட்வின்ஸும் சிகாகோ ஒயிட் சாக்ஸும் சமநிலை. யார் முன்னேறுவது என்று தீர்மானிக்க 163ஆவது ஆட்டம் நடந்தது. ட்வின்ஸ் 0-1 என்று தோற்றது. சந்தானா இருந்திருந்தால் பருவம் முழுவதிலும் இன்னும் ஒரே ஒரு ஆட்டம் வென்றிருக்க மாட்டோமா என்று அந்த ரசிகர்கள் கேட்டதில் தவறில்லை. சந்தானாவை வாங்கிய குழுவும் ஒரு வெற்றியில் வாய்ப்பை இழந்தது. கொடுத்த குழுவும் அப்படியே. யாங்கீஸோ பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எட்டிய இறுதிச் சுற்றை அந்த ஆண்டு தவறவிட்டது. கேஷ்மனின் பொறுமைக்குத் தோல்விதான் மதிப்பெண் என்று தோன்றியது.

ஓராண்டு கழித்துப் போடுவோம். 2008 டிசம்பரில் யாங்கீஸ், சி.சி. சபாத்தியாவை 161 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. இளம் வீரர் ஒருவரைக்கூடப் பரிமாறவில்லை. 2009இல் உலகத் தொடரை வென்றது. ஹியூஸும் அந்தக் குழுவில் இருந்தார். கேஷ்மன் இப்போது ஞானி. அதே 2009இல் ட்வின்ஸ் மீண்டும் 163ஆவது ஆட்டத்துக்கு வந்தது, இம்முறை டெட்ராய்ட் டைகர்ஸுக்கு எதிராக. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் வெற்றி ஓட்டத்தை எடுத்து ஓடிவந்தவர் யார்? சந்தானாவுக்குப் பதிலாக வந்த கார்லோஸ் கோமெஸ்.

அடுத்த மாதமே ட்வின்ஸ் கோமெஸை மில்வாக்கி புரூவர்ஸுக்கு அனுப்பிவிட்டது. அங்கே போய்த்தான் அவர் 2013, 2014 ஆண்டுகளில் ஆல்-ஸ்டார் வீரரானார். பொறுமை இல்லாமல் கைவிட்ட செடி பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் காய்த்த கதை.

2012இல் போடுவோம். சந்தானாவின் தோளில் 2010 செப்டம்பரில் அறுவை சிகிச்சை. 2011 முழுவதும் மேஜர் லீக்கில் ஆடவில்லை. 2012 ஜூன் 1ஆம் தேதி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிராக 134 பந்துகள் வீசி, எதிரணிக்கு ஒரு 'ஹிட்' கூடக் கொடுக்காமல் வென்றார். ஐம்பது ஆண்டு மெட்ஸ் வரலாற்றில் அதுதான் முதல் 'நோ-ஹிட்டர்'. அந்த இரவை மெட்ஸ் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பருவத்துக்குப் பிறகு அவர் மேஜர் லீக்கில் வீசவே இல்லை. தோள் மறுபடியும் கிழிந்தது. அவரது ஒப்பந்தக் காலத்தில் மெட்ஸ் ஒருமுறைகூட இறுதிச் சுற்றை எட்டவில்லை.

அதே 2012இல், சந்தானாவின் இரவுக்கு 41 நாள்கள் முன்பு, ஏப்ரல் 21ஆம் தேதி, ஒயிட் சாக்ஸுக்காக ஆடிய ஒரு வீச்சாளர் சியாட்டலில் 27 பேரையும் வரிசையாக ஆட்டமிழக்கச் செய்தார். ஒருவர்கூட முதல் தளத்தைத் தொடவில்லை. 'பெர்ஃபெக்ட் கேம்' எனப்படும் இந்தச் சாதனையை மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை இருபது முறைதான் யாராவது செய்திருந்தார்கள். செய்தவர் ஃபிலிப் ஹம்பர். நால்வரில் ஒருவராக ட்வின்ஸுக்கு வந்து, அங்கு நிலைக்க முடியாமல் ஊர் ஊராகச் சுற்றிய அதே ஹம்பர்.

பாஸ்டன்? கொடுக்காமல் வைத்துக்கொண்ட லெஸ்டர் 2008 மே மாதத்திலேயே ஒரு நோ-ஹிட்டர் வீசினார். 2013இல் ரெட் சாக்ஸ் மீண்டும் கிண்ணம் வென்றபோது லெஸ்டரும் எல்ஸ்பரியும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அன்று ஹியூஸ் வேண்டும் என்று கேட்ட ட்வின்ஸ் ரசிகர்களுக்கும் ஆறு ஆண்டு கழித்து அவர் கிடைத்தார். 2013 டிசம்பரில் ஃப்ரீ ஏஜெண்டாகவே வந்து சேர்ந்தார்.

எதிர்த் திசையில் ஒரு கதை

இதைப் படித்ததும், இளம் வீரர்களைக் கொடுக்கவே கூடாது என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 2016 டிசம்பரில் அதே ரெட் சாக்ஸ், சிகாகோ ஒயிட் சாக்ஸின் கிறிஸ் சேல் என்ற இடக்கை வீச்சாளருக்காக நால்வரைக் கொடுத்தது. அவர்களில் யோவான் மொன்காடா அப்போது நாட்டின் மிகச் சிறந்த இளம் வீரர்களில் ஒருவராகக் கருதப்பட்டவர். மணிக்கு நூறு மைல் வேகத்தை எட்டும் மைக்கேல் கோபெக் இன்னொருவர். பாஸ்டனில் பலர் எதிர்காலத்தையே அடகு வைக்கிறோம் என்றார்கள். 2018இல் ரெட் சாக்ஸ் உலகத் தொடரை வென்றது. கடைசிப் பந்தை வீசி மேனி மச்சாடோவை ஆட்டமிழக்கச் செய்தவர் சேல்.

ஒயிட் சாக்ஸ் 2020, 2021 ஆண்டுகளில் இறுதிச் சுற்றை எட்டியது. ஆனால் அதைத் தாண்டவில்லை. 2024இல் 121 ஆட்டங்கள் தோற்று நவீனக் காலத்தின் மோசமான தோல்விக் கணக்கை எழுதியது. அந்த டிசம்பரில் கேரட் குரோஷே என்ற இன்னோர் இடக்கை வீச்சாளரை, மீண்டும் அதே ரெட் சாக்ஸுக்கு, மீண்டும் நால்வருக்காகக் கொடுத்தது. 2025இல் குரோஷே 255 ஸ்ட்ரைக் அவுட்களோடு அமெரிக்க லீக்கில் முதலிடம் பிடித்தார். பதிலுக்குப் போன நால்வரின் கதை எழுதி முடியவில்லை.

சேலின் கதையும் அங்கே முடியவில்லை. காயங்களால் தளர்ந்த அவரை 2023 டிசம்பர் இறுதியில் பாஸ்டன் அட்லாண்டாவுக்கு அனுப்பியது. பதிலுக்கு வந்தவர் வான் கிரிஸம் என்ற ஓர் இளம் வீரர் மட்டுமே. 2024இல், 35 வயதில், சேல் தம் முதல் சை யங் விருதை வென்றார்.

'பொதி'க்குள் இருக்கும் மனிதர்கள்

பரிமாற்ற வாதங்களில் இளம் வீரர்களைப் 'பேக்கேஜ்' என்று சொல்வார்கள். பொதி என்று பொருள். அந்தப் பொதிக்குள் இருப்பவர்களின் வயதைக் கவனியுங்கள். பதினெட்டு, இருபத்தொன்று, இருபத்திரண்டு. பலர் உங்கள் வயதுக்காரர்கள்.

சந்தானாவின் ஒப்பந்தத்தில், அவர் ஒப்புதல் இல்லாமல் வேறு குழுவுக்கு அனுப்ப முடியாது என்ற பிரிவு இருந்தது. அதனால் அவர் பேரம் பேச முடிந்தது. வெனிசுவேலாவிலிருந்து வந்த 18 வயது கெர்ராவிடம் யாரும் சம்மதம் கேட்கத் தேவையில்லை. நால்வரில் மிகவும் இளையவரான அவர் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடியது 2015இல். பரிமாற்றத்துக்கு ஏழு ஆண்டுகள் கழித்து, வேறொரு குழுவுக்காக.

வீரர்களின் இந்த நிலையை எதிர்த்து ஒருவர் வழக்காடியிருக்கிறார். 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரரை ஃபிலடெல்ஃபியாவுக்குப் பரிமாறியது. பன்னிரண்டு ஆண்டு அந்தக் குழுவுக்கு உழைத்தவர். போக மறுத்தார். விருப்பம் கேட்காமல் வாங்கி விற்கும் சொத்தல்ல நான் என்று லீக் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1972இல் 5-3 என்ற கணக்கில் தோற்றார். அவரது ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஆனால் அவர் தொடங்கிவைத்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1975 டிசம்பரில் இரண்டு வீச்சாளர்களின் வழக்கில் ஒரு நடுவர் வழங்கிய தீர்ப்பு, வீரர்கள் ஃப்ரீ ஏஜெண்ட் ஆகும் உரிமையைத் திறந்துவிட்டது. மேஜர் லீக்கில் பத்து ஆண்டுகளும், அவற்றில் கடைசி ஐந்து ஆண்டுகள் ஒரே குழுவிலும் ஆடிய வீரரை அவர் சம்மதம் இல்லாமல் பரிமாற முடியாது என்ற விதியும் இப்போது உண்டு. சந்தானாவுக்குக் கிடைத்த 137.5 மில்லியனுக்குப் பின்னால் ஃபிளட் இழந்த ஆண்டுகள் இருக்கின்றன.

வாதிடும் முன் கேட்க வேண்டியவை

மேலே சொன்ன கதைகளை வைத்து எந்தப் பக்கமும் வாதிடலாம். சேல் வேண்டுமா, சொல்லுங்கள். லெஸ்டர் வேண்டுமா, அதையும் சொல்லலாம். உதாரணம் காட்டுவது எளிது, உதாரணத்தை எடைபோடுவதுதான் கடினம். விவாத மேடைக்குத் தயாராகும் மாணவர்கள் இந்த நான்கு கேள்விகளைக் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, முடிவெடுத்த நாளில் என்ன தெரிந்திருந்தது? சந்தானாவின் தோள் கிழியும் என்பது 2008 பிப்ரவரியில் யாருக்கும் தெரியாது. தெரிந்தது, அவர் ஆண்டுதோறும் 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசுகிறவர் என்பது. வீச்சாளர்களின் கை பொதுவாக ஆபத்துக்குரியது என்பதும் தெரியும். பின்னால் நடந்ததைக் கொண்டு முன்னால் எடுத்த முடிவைத் திட்டுவது, தேர்வு முடிந்தபின் வினாத்தாளைப் பார்த்துவிட்டுப் படித்திருக்கலாமே என்பதைப் போன்றது. நல்ல முடிவு கெட்ட விளைவில் முடியலாம். கேம்ப்பைக் கேட்டு வாங்கிய மார்லின்ஸும் அன்று தன் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் முடிவெடுத்தது.

இரண்டாவது, எதனோடு ஒப்பிடுகிறோம்? ட்வின்ஸ் பெற்ற நால்வரைச் சந்தானாவின் முழு வாழ்க்கையோடு ஒப்பிடுவது தவறு. ட்வின்ஸ் கையில் இருந்தது சந்தானாவின் ஓராண்டு மட்டுமே. அந்த ஓராண்டோடும், அவர் போனபின் கிடைக்கக்கூடிய இழப்பீட்டோடும், டிசம்பரில் மேசையில் இருந்த மற்றப் பேரங்களோடும் ஒப்பிட வேண்டும். கடைசி ஒப்பீட்டில்தான் பில் ஸ்மித்துக்கு எதிரான வாதம் வலுவாகிறது.

மூன்றாவது, அந்தக் குழு எந்த நிலையில் இருக்கிறது? இந்த ஆண்டே கிண்ணத்தை எட்டும் தொலைவில் உள்ள குழுவுக்கு ஒரு வெற்றியின் மதிப்பு வேறு. 121 தோல்வி கண்ட குழுவுக்கு அதன் மதிப்பு வேறு. ஒரே பரிமாற்றம் இரு குழுக்களுக்கும் நியாயமாக இருக்க முடியும். 2018 கிண்ணத்தைக் கையில் வைத்திருக்கும் பாஸ்டன் ரசிகரிடம் மொன்காடாவின் பேச்சை எடுத்துப் பாருங்கள், சிரிப்பார்.

நான்காவது, எப்போது மதிப்பெண் போடுகிறோம்? கேஷ்மன் 2008 அக்டோபரில் ஏமாளி, 2009 நவம்பரில் ஞானி. முடிவு மாறவில்லை, கேட்ட நாள்தான் மாறியது. ஒருவர் உதாரணம் காட்டும்போது, அந்தக் கதையை அவர் எந்த ஆண்டில் நிறுத்துகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் தமக்குச் சாதகமான இடத்தில்தான் நிறுத்துவார்.

இப்போது உங்கள் முறை

2025 பருவம் முடிந்த கையோடு இதே வாதம் டெட்ராய்ட் டைகர்ஸ் ரசிகர்களிடையே கிளம்பியது. அவர்களின் இடக்கை வீச்சாளர் டாரிக் ஸ்கூபல், 2024, 2025 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டு சை யங் விருது வென்றவர். 2018 தேர்வில் ஒன்பதாவது சுற்றில்தான் அழைக்கப்பட்டவர். கல்லூரிக் காலத்திலேயே டாமி ஜான் அறுவை சிகிச்சையும், 2022இல் முன்கைத் தசைநாணில் இன்னோர் அறுவை சிகிச்சையும் கண்டவர். 2026 பருவத்தோடு ஃப்ரீ ஏஜெண்ட் ஆகும் நிலையில் இருந்தவர். டைகர்ஸ் 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் இறுதிச் சுற்றை எட்டிய குழு. 1984க்குப் பிறகு உலகத் தொடரை வெல்லாத குழுவும்கூட.

வைத்துக்கொண்டு ஓராண்டு மோதிப் பார்ப்பதா? ஓராண்டு முன்பே கொடுத்து நான்கு இளையர்களை வாங்குவதா? வாங்கும் குழுவின் ரசிகராக இருந்தால், நீங்கள் எந்த நால்வரைக் கொடுப்பீர்கள்? நண்பர்களோடு இரண்டு அணியாகப் பிரிந்து வாதிட்டுப் பாருங்கள். ஸ்கூபலின் பிந்தைய ஆட்டக் கணக்கைத் தேடிப் பார்ப்பதை மட்டும் வாதம் முடியும்வரை தள்ளிவையுங்கள். டெட்ராய்ட் ரசிகர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.